ரட்டர் கை கழுவிய நாள்

பிப்ரவரி 3

மாய்ரிக்கு இன்று மறுபடி கட்டு மாற்றினார்கள். என் மடியில் உட்கார்ந்து, "அம்மா, வேணாம் சொல்லு" என்று என்னிடமே கெஞ்சினாள். நான் சொல்லவில்லை. அவள் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அன்று துவாலை எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். குளியல் தொட்டியில் நின்றவள் வெந்நீர்க் குழாயைத் திருகிவிட்டாள். தேநீர் போடும் சூட்டில் தண்ணீர்! இடது கால் முழுக்க.

பிப்ரவரி 4

வீட்டுச் சொந்தக்காரர் ரட்டர் ஒருவழியாகப் போன் எடுத்தார். குழாயில் சூட்டை மட்டுப்படுத்தும் வால்வு போடச் சொல்லி இலையுதிர் காலத்திலிருந்து கேட்கிறேன்.

"மிசஸ் லீஷ்மன், புள்ளயப் பாத்துக்கத் தெரியாதவங்களுக்கு வால்வு எதுக்கு?"

படுபாவி. இத மறக்கவே மாட்டேன்.

பிப்ரவரி 9

அவன் தோலும் உரியணும். எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 12

என் கணவர் காலன் சொல்கிறார்: "கவுன்சில்ல புகார் குடுத்தாச்சுல்ல. விடு, மோர்வென். கொஞ்சம் தூங்கு."

இவரால் எப்படித் தூங்க முடிகிறது?

பிப்ரவரி 17

நகர கவுன்சிலிலிருந்து குழாயைச் சோதிக்க மிஸ் பிரிங்கிள் வந்தார். கூடவே ரட்டர். கீழே கொதிகலன் அறையைத் திறந்து காட்டியதில் அவர் கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"கை கழுவிக்கோங்க, மிஸ்டர் ரட்டர். வெந்நீர்லதான் போகும். பாத்து, ரொம்பச் சூடு" என்றேன்.

"எல்லாம் வெதுவெதுன்னுதான் இருக்கும். இவங்க சும்மா ஊதிப் பெருசாக்குறாங்க" என்று மிஸ் பிரிங்கிளைப் பார்த்துச் சிரித்தபடியே குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

அலறினார். மாடி வரை கேட்டிருக்கும்.

"நீங்க கைய இழுத்துக்கிட்டீங்க," என்றேன். "அவளுக்கு இழுத்துக்கத் தெரியல."

பக்கத்திலேயே குளிர்ந்த தண்ணீர்க் குழாய். அதைத் திறக்க என் கை போகவில்லை. மிஸ் பிரிங்கிள்தான் திறந்து, அவர் கையைப் பிடித்து ஓடுகிற நீரில் வைத்தார்.

இனித்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன் — இனித்தது.

பிப்ரவரி 18

இன்று இனிக்கவில்லை. மாய்ரி கட்டைச் சொறிந்து அழுகிறாள்.

மார்ச் 11

கவுன்சில் உத்தரவு. இந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் வால்வு போட்டாயிற்று, மேல்மாடியில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும். ரட்டர் வாசலில் நின்று, "மிசஸ் லீஷ்மன், அன்னைக்கு நான் சொன்னது..." என்று இழுத்தார். கதவைச் சாத்தினேன். மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.

மாய்ரியின் கட்டைப் போன வாரமே பிரித்துவிட்டார்கள். தொட்டியில் முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்தேன். இதம். மாய்ரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போ மொதல்ல."

உடுத்திய துணியோடு இறங்கி உட்கார்ந்தேன். மெல்ல வந்தாள். ஒரு விரலால் தொட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். என் முகத்தையே பார்த்தாள்.

மறுபடி தொட்டாள்.