போடாத கையெழுத்து

லூயிஸ்டன், மெய்ன்
ஜனவரி 14

அன்புள்ள டார்லீன்,

நலம்தானே? நான் நலம். முழங்கால் மட்டும் படியேறச் சம்மதிப்பதில்லை. நீங்கள் ஹூல்டனுக்குக் குடிபோய் எட்டு மாதமாகிறது. உங்கள் மகள் ஷெல்லியிடம் முகவரி வாங்கியே மூன்று மாதம் ஆகிவிட்டது. அஞ்சலட்டையில் அடங்குகிற விஷயமாக இருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன்.

ஊர்ச் செய்தி முதலில். கால்வாய் இந்த வருடம் சீக்கிரமே உறைந்துவிட்டது. உங்கள் தேவாலயத்தில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்து இப்போதும் நடக்கிறது. நீங்கள் போனபிறகு பீன்ஸில் வெல்லப்பாகு அளவு தெரியாமல் விழுகிறது என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நீங்கள் விட்டுச்சென்ற ஜெரேனியம் செடி பிழைத்துக்கொண்டது. பூக்கத்தான் இல்லை.

நீங்கள் குடியிருந்த மாடி காலியாகவே இருக்கிறது. அக்டோபரில் அங்கே வேலை நடந்தது. என்ன வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சார நிறுவனத்தின் மானியத்தில் குளிர் இறங்காமல் பரண் முழுக்கப் பஞ்சு அடைத்து, சந்துபொந்துகளை மூடி, முன்னறையில் அறையைச் சூடாக்கும் ஒரு ஹீட் பம்பும் மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் முடிந்தது.

முதலில், காற்று எங்கே புகுகிறது என்று சோதிக்க, கென்ட்ரா என்ற பெண் வந்தாள். வாசலில் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டி, நடுவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள்ளிருந்த காற்றை வெளியே இழுத்தாள். பிறகு என்னை முன்னறைக்குக் கூப்பிட்டு, ஜன்னலுக்குக் கீழே சுவரும் தரையும் சேருமிடத்தில் கையை வைக்கச் சொன்னாள். ஆற்றுத் தண்ணீரில் கைவிட்டதுபோல் இருந்தது. "இந்த ரூம்ல எப்படி சார் ஆளுங்க குடியிருந்தாங்க?" என்று கேட்டாள். இந்த அறையில் இருக்கவில்லை, சமையலறையில்தான் இருந்தார்கள் என்றேன். நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

அதற்கு முந்தைய அக்டோபரில் நீங்கள் அந்த மானியத்துக்கான படிவத்தோடு கீழே வந்தீர்கள். குடியிருப்பவர் நிரப்ப வேண்டியதையெல்லாம் உங்கள் குண்டு எழுத்தில் நிரப்பியிருந்தீர்கள். உங்கள் வருமானத்துக்குச் செலவெல்லாம் நிறுவனத்துடையது, வீட்டுக்காரரின் கையெழுத்து மட்டும் வேண்டும் என்றீர்கள். நான் இடம் தேட வேண்டாமென்று அங்கே பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தீர்கள். இன்றைக்கே போட்டுத் தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். ஒரு வாரம் கழித்து நீங்கள் கேட்டபோது, அனுப்பியாயிற்று என்றேன்.

அனுப்பவில்லை, டார்லீன். கையெழுத்தே போடவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பரணில் இருந்த மின்கம்பிகள் வீடு கட்டிய காலத்தவை. பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டியவை. அவற்றை மாற்றிவிட்டதாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒன்பது வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். மாற்றவில்லை. பஞ்சு அடைக்க வருகிறவர்கள் முதலில் பரணில்தான் ஏறுவார்கள். பார்த்தால் எழுதுவார்கள், எழுதினால் காப்பீடு போய்விடும், நாளைக்குத் தீப்பிடித்தால் வீடே போய்விடும் என்று பயந்தேன். இந்தக் குளிர்காலம் கழியட்டும், சத்தமில்லாமல் கம்பியை மாற்றிவிட்டு அனுப்பலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் வாரம் தவறாமல் நிறுவனத்துக்குப் போன் செய்தீர்கள். ஒன்றும் வந்து சேரவில்லை என்கிறார்கள் என்று படியில் நின்று சொல்வீர்கள். தபாலில் தொலைந்திருக்கும் என்றேன். "அப்ப வேற ஃபாரம் வாங்கிட்டு வரட்டுமா ரொசேர்?" என்று கேட்டீர்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றேன். அதற்கும் சரி என்றீர்கள்.

டிசம்பரில் முன்னறை வாசலைக் கம்பளியால் மறைத்துவிட்டு, நீங்களும் வெண்டலும் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சமையலறையோடு ஒடுங்கிக்கொண்டீர்கள். ரொட்டி சுடும் அடுப்பின் கதவைத் திறந்துபோட்டு, அதன் எதிரில் கோட்டைக் கழற்றாமல் அவர் உட்கார்ந்திருப்பார். செவ்வாய்க்கிழமை மதியங்களில் மட்டும் கிரிபேஜ் சீட்டாட்டம் ஆட என் வீட்டு விறகடுப்புப் பக்கம் வருவார். "பதினாலு படி எறங்கினா ஃபுளோரிடா வந்துருதுய்யா. டிக்கெட்டுக்குக் காசு கேட்டுறாத" என்பார். இருமல் விட்டபிறகுதான் சிரிப்பார்.

முன்னறைக்காக அவர் எவ்வளவு ஏங்கினார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஜன்னலோர நாற்காலியிலிருந்து, அவர் இருபது வருடம் நடுவராக நின்ற மைதானம் தெரியும். பனிதானே கிடக்கிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "ஏப்ரல்ல ஆட்டம் தொடங்குற வரைக்கும் ஒருத்தன் காவல் இருக்கணும்ல. எவனாவது மைதானத்தச் சுருட்டிட்டுப் போயிட்டா?" என்றார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. புள்ளி எண்ணும் ஆட்டப் பலகையில் செருகும் குச்சி ஒன்று உடைந்துவிட்டது. தீக்குச்சியைச் செருகிக்கொள்ளலாம், இழுப்பறையில் தீப்பெட்டி இருக்கிறது என்று அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுந்து போனார். ஒரு தீப்பெட்டி எடுக்க அத்தனை நேரம் ஆகாது. திரும்பிப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அந்த இழுப்பறையில் எல்லாவற்றுக்கும் மேலே எது கிடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வந்து உட்கார்ந்தார். தீக்குச்சியைச் செருகினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தேன். "என்ன யோசன? சீட்டப் போடு, ஒன் மொற" என்றார். அவ்வளவுதான் பேசினார். இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று மாடிக்குப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்தார். நான்தான் அன்று ஒழுங்காக ஆடவில்லை.

அந்த வாரத்துக்குப் பிறகு நீங்கள் படிவத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. வெண்டல் உங்களிடம் சொன்னாரா, இல்லை, போதும் விடு என்று மட்டும் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அவர் சொல்லியிருக்காவிட்டால், இப்போது நான் சொல்லிவிட்டேன்.

மார்ச்சில் அவரை அடக்கம் செய்த அன்று நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நுரையீரல் அப்படி ஆயிருச்சு ரொசேர், டாக்டரே சொல்லிட்டாரு. யாரு என்ன செஞ்சிருக்க முடியும்?" என்றீர்கள். டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்க என்னால் ஆகியிருக்காது. கடைசிக் குளிர்காலத்தை அவருக்குப் பிடித்த நாற்காலியில் கழிக்க வைக்க என்னால் ஆகியிருக்கும்.

அக்டோபர் வேலைக்கு முன் கம்பியை மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு ஒன்றரை நாள் பிடித்தது. அதற்கும் மானியத் திட்டத்தில் ஒரு பங்கு தந்தார்கள். காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, ஒன்பது வருடப் பொய்யை ஒப்புக்கொண்டேன். எதிர்முனையில் இருந்த பெண், "மாத்திட்டீங்கல்ல? சர்டிஃபிகேட்ட அனுப்புங்க, ஃபைல்ல சேத்துடறேன்" என்றாள். போனை வைத்தேன். இதற்காகவா என்று இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொன்னேன். உடனே மன்னித்துவிட்டார். அவர் வெண்டலோடு சீட்டாடியவர் இல்லை.

மாடிக்கு வேறு ஆள் வைக்க மனம் வரவில்லை. நீங்கள் வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. சில மதியங்களில் முன்னறையில் போய் உட்காருகிறேன். கோட்டு வேண்டியிருப்பதில்லை. சட்டையோடு இருக்கலாம்.

நேற்று ஷெல்லியோடு பேசினேன். நீங்கள் இப்போது இருக்கும் வீட்டில் படுக்கையறை ஜன்னல் வழியே காற்று வருகிறதாம். துண்டுகளைச் சுருட்டி அடைத்திருக்கிறீர்களாம். அங்கேயும் மானியம் உண்டாம், வீட்டுக்காரர்தான் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுக்கிறாராம்.

டார்லீன், இந்த ஒன்றை மறுக்காதீர்கள். அந்த மனிதருக்கு என் போன் எண்ணைக் கொடுங்கள். வீட்டுக்காரனுக்கு வீட்டுக்காரன் நான் பேசுகிறேன். என்ன பயம் என்று கேட்கிறேன், ஏதாவது ஒன்று இருக்கும். போனில் மசியாவிட்டால் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். சாலையில் பனி அள்ளியிருந்தால் நான்கு மணி நேரம்தான். உங்கள் வீட்டுப் படி ஏற மாட்டேன், அவரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன்.

அதுவரை அந்த ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

உங்கள் கீழ்வீட்டுக்காரன்,
ரொசேர் வெலெட்