காலில் விழுந்து கொடுத்த வாக்கு

ஆடி வெள்ளி, இரவு

இன்று தெருவே பார்க்க, பெண்டாட்டி காலில் விழுந்தேன். கூழ் வார்க்கும் இடத்தில் சரோஜாவுக்கு உடம்பு முறுக்கிக்கொண்டது. அம்மன் வந்துவிட்டதென்று, தறியை நிறுத்திவிட்டு வந்த கூட்டம் கற்பூரம் காட்டியது.

"ஊர் எதிர்ல என்னைக் கேலி பண்றத நிறுத்துடா!" என்றாள்.

"நிறுத்திட்டேன் தாயே!" என்றேன். என் நெற்றியில் விபூதி பூசிவிட்டு மயங்கினாள்.

ஆஸ்பத்திரியில் என் அக்கா டாக்டரிடம், "இது இஸ்டீரியாம்மா, நடிச்சிக்கினு இருக்கா" என்றாள்.

"அந்தப் பேரையே இப்ப நாங்க சொல்றதில்ல. அவங்க நடிக்கல, நிஜமான நோய்தான்" என்ற டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். "மனசுல எதையாவது அடக்கி வெச்சிருக்காங்களா?"

"என்னைத்தான் அடக்கி வெச்சிருக்கா மேடம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சரோஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தூக்கம் வரவில்லை. அம்மனாக வந்தால்தான் அவளால் என்னிடம்...

இப்போதுதான் முகம் கழுவினேன். அவள் பூசிய விபூதி அதுவரை நெற்றியிலேயே இருந்திருக்கிறது.