இணைச்சீரில் நின்றுபோகும் டிவிடி

வேலம்பாளையம்,
14.5.2007

கீதாஞ்சலிக்கு அம்மா எழுதுவது. இங்க நான், உங்கப்பா, உன் தம்பி பிரபாகர், புதுசா வந்த மருமக நாலு பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கறீங்கன்னு உன் போன் சத்தத்துலயே தெரிஞ்சுக்கிட்டேன், ஒடம்புல தெம்பில்லாத ஆளு அந்தக் கத்துக் கத்த முடியாது. நான் பதில் பேசாம போனை வெச்சுட்டேன்னு அப்புறம் உங்கப்பாகிட்டச் சொல்லி அழுதியாமா. பதில் இருந்துச்சு. கீழ நிட்டிங் மிஷின் ஓடற சத்தத்துல, பக்கத்துல மருமக நிக்கையில, அதைக் கத்திச் சொல்ல எனக்குப் புடிக்கலை, அவ்வளவுதான். இப்ப உக்காந்து எழுதறேன், முழுசாப் படி.

தம்பி கல்யாண டிவிடியில இணைச்சீர மட்டும் வேணும்னே வெட்டி அனுப்பியிருக்கீங்க, நான் வராததுக்கு இப்படியா பழி வாங்குவீங்கன்னு கேட்ட. அந்தச் சீரைப் பத்திக் கேக்க உனக்கு எப்படி வாய் வந்துச்சுன்னுதான் எனக்கு இன்னும் ஆறலை. அவனுக்கு ஒரே அக்கா நீ. கூறைச்சேலையோட ஒரு முனையை அவன் கக்கத்துல இடுக்கிக்க, மறு முனையை நீ கையில புடிச்சுட்டு நிக்க வேண்டிய எடம் அது. வெளிநாட்டு வேலையில உனக்கு லீவு கிடைக்கணுமேன்னு கார்த்திகையில வெச்ச முகூர்த்தத்தைத் தைக்குத் தள்ளினோம். பொண்ணு ஊட்டுல மொகத்தைச் சுழிச்சாங்க, உங்கப்பா கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு. தையிலயும் லீவு இல்லைன்ன. சரி, வேலை அப்படின்னு நெனச்சுக்கிட்டோம். கல்யாணம் முடிஞ்சு ஒறம்பரையெல்லாம் போனதுக்கப்புறம் உன் சித்தப்பா மக அனிதா இன்டர்நெட்டுல ஒரு போட்டோவைக் காட்டறா, முகூர்த்தத்தன்னைக்கு நீ சிநேகிதிகளோட பனியில சறுக்கி வெளையாடிட்டு இருக்கற. சிவப்புத் தொப்பி போட்டுட்டு வாயெல்லாம் சிரிப்பு. அதைப் பத்தி நான் இது வரைக்கும் உன்னைக் கேக்கலை. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.

அப்படி இருந்தும் நீ கல்யாண டிவிடி வேணும்னு கேட்டப்ப இல்லைன்னு சொல்லலை. பிரபாகர் போட்டுத் தர்றேன் போட்டுத் தர்றேன்னு தள்ளிக்கிட்டே வந்தான், போட்டோ மட்டும் போதும் விடுங்கம்மான்னான். அனுப்பலைன்னா அதுக்கொரு பேச்சு நீ பேசுவேன்னு நானே உக்காந்தேன். ஸ்டுடியோ டிவிடியை அவன் ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருந்தான், அதுலருந்து ரைட் பண்ணுங்கன்னுட்டுப் போயிட்டான். மொதல் டிவிடி பாதி ஓடையில கரண்டு போச்சு, யுபிஎஸ் நாலு தடவை கத்திட்டு அதுவும் படுத்துருச்சு. அடுத்தது முடியற நேரத்துக்கு எர்ரர்னு வந்து நின்னுச்சு. உன்னைக் கேட்டா ஸ்கிரீன் சேவரை நிறுத்துங்க, வைரஸ் தேடறதை நிறுத்துங்க, ரைட் ஆகையில வேற எதையும் தொறக்காதீங்கன்ன. அதெல்லாம் செஞ்சேன், அப்பவும் வேஸ்ட். வெல கொறைச்சலா வாங்கின டிவிடி அப்படித்தான் இருக்கும்னு மாப்பிள்ளை சொன்னாரு, டவுனுக்குப் போய் நல்ல கம்பெனி டிவிடியாப் பாத்து வாங்கியாந்தேன். ரைட்டரைக் கழட்டிப் பாத்தா உள்ள பூராப் பஞ்சு, கீழ பனியன் துணி ஓடற ஊட்டுல வேற என்ன இருக்கும். ஊதித் தொடைச்சு லென்ஸ் கிளீனர் போட்டு ஓட்டி, ஸ்பீடையும் கொறைச்சு வெச்சு, மிஷினெல்லாம் நிறுத்தியிருக்கற ஞாயித்துக்கிழமையாப் பாத்து உக்காந்ததுக்கப்புறம்தான் ஒண்ணு முழுசா முடிஞ்சு வெளிய வந்துச்சு. பொண்ணழைப்பு வரைக்கும் போட்டுப் பாத்தேன், கண்ணாடியாட்டத் தெரிஞ்சுச்சு, அன்னைக்கே கூரியர்ல போட்டேன்.

இணைச்சீர் வர்றப்ப நின்னு போகுதுன்னு நீ சொன்ன. சரி, கூரியர்ல கீறல் விழுந்திருக்கும்னு வேற ரெண்டு போட்டு, ஒண்ணை இங்க வெச்சுக்கிட்டு மத்ததை அட்டைக்குள்ள வெச்சு அனுப்பினேன். அதுவும் அங்கயே நின்னுச்சாமா. இங்க வெச்சிருந்த காப்பியைப் போட்டுப் பாத்தேன், எங்களுக்கும் அதே எடத்துலதான் படம் ஒறைஞ்சு போச்சு. அப்பத்தான் நீ அந்தப் போனைப் போட்ட. டிவிடி கெட்டிருந்தா ஒண்ணொண்ணு ஒவ்வொரு எடத்துல நிக்கும், எல்லாமே ஒரே எடத்துல நிக்குதுன்னா கம்ப்யூட்டர்ல இருக்கற படத்துலயே யாரோ கை வெச்சிருக்காங்கன்ன. நீ சொன்னது சரி. கை வெச்சதுதான். ஆனா அது என் கைன்னு எப்படி முடிவு பண்ணின. பெத்தவ இப்படிச் செய்வாளான்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா. படிச்சது கம்ப்யூட்டருக்கு மட்டுந்தானா.

ஸ்டுடியோ குடுத்த டிவிடி எங்கடான்னு பிரபாகரைக் கேட்டேன், ஸ்டுடியோக்காரங்களே திருப்பி வாங்கிட்டாங்கன்னான். நான் நேரா ஸ்டுடியோவுக்குப் போனேன். நம்ம கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த கிட்டுசாமி, நாங்க எதுக்குங்க திருப்பி வாங்கப் போறோம், அது உங்க பையன்கிட்டத்தான் இருக்குதுங்கன்னாரு. அவரு படம் புடிச்ச கேசட்டை எடுத்துப் போடச் சொன்னேன். அங்கயே ஸ்டூல்ல உக்காந்து பாத்தேன். சீர் நடக்கையில நான் மண்டப வாசல்ல ஒறம்பரையை வரவேத்துட்டு நின்னேன், டிவிடியும் வந்தன்னைக்கே பிரபாகர் கைக்குப் போயிருச்சு, அதனால அதை அன்னைக்குத்தான் மொதல் தடவையாப் பாக்கறேன். அனிதா வந்து பக்கத்துல நின்னு சேலை முனையைக் கையில புடிக்கறா. பிரபாகர் அவளைப் பாக்கறான், பின்னாடி திரும்பி மண்டபக் கதவைப் பாக்கறான், மறுபடி அவளைப் பாக்கறான். அப்புறம் ஒடைஞ்சு அழுகறான். தலைப்பாக்கட்டும் மாலையுமா, அத்தனை சனத்துக்கு முன்னாடி, இருவத்தெட்டு வயசு ஆம்பளை. மாமன் வந்து தோளைப் புடிச்சுக்கிட்டாரு, சீர்காரர் பாட்டை நிறுத்திட்டு நின்னாரு. மேடைக்கு நான் வந்தப்ப அவன் கண்ணு செவந்திருந்துச்சு, ஓமப் புகைன்னு நெனச்சேன். ஒருத்தரும் என்கிட்டச் சொல்லலை.

ஊட்டுக்கு வந்து அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாங்கம்மா நான்தான் வெட்டினேன்னான். அந்தத் துண்டை எடுத்துட்டா மத்தது தெரியாம ஓடிரும்னு நெனச்சானாம், சரியா ஒட்டத் தெரியாம அங்கயே நின்னு போச்சாமா. ஏண்டான்னேன். அக்கா எடத்துல இன்னொருத்தர் நிக்கறதையும் பாத்து, நான் அழுகறதையும் பாத்தா அக்கா அங்க தனியாக் கெடந்து ஒடைஞ்சு போயிருவாங்கம்மா, பாக்க வேண்டாம்னான். அந்தப் பனிப் போட்டோ பத்தித் தெரியுமாடான்னேன். தெரியுமுங்க, அனிதா மொதல்ல எனக்குத்தான் காட்டுனா, அக்காகிட்ட நீங்க கேட்டுறாதீங்கன்னான். வெட்டினது நான்தான்னு நீ என்னைத் திட்டினப்ப அவன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். அன்னைக்கு ராத்திரி சோறு தின்னலை. ஏன்னு எனக்கு அப்பத் தெரியலை.

அவன் மறைக்கட்டும், அது அவன் மனசு. எனக்கு அந்த மனசு இல்லை. கிட்டுசாமி கேசட்டுலருந்து புதுசா முழுசா ரைட் பண்ணிக் குடுத்திருக்காரு, கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்துத்தான் வாங்கினேன், எங்கயும் நிக்காது. இந்தக் கடிதத்தோட அதே கவர்ல இருக்குது. இந்த ஊரு டிவிடி உங்க ஊரு ப்ளேயர்ல பாடாது, கம்ப்யூட்டர்லயே போடு. வெரல் படாம ஓரத்தைப் புடிச்சு எடு. மாப்பிள்ளையையும் பக்கத்துல உக்கார வெச்சுக்க, அவருக்கும் தெரியட்டும். அந்த எடம் வர்றப்ப தள்ளி ஓட்டி விட்டுறாத. ஏன் வரலைங்கறதுக்கு என்கிட்ட இனி எந்தக் காரணமும் சொல்லாத, நான் நம்பப் போறதில்லை.

உங்கப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மாடி ஏற ஒருத்தர் கை குடுக்கணும். உனக்குச் சொல்ல வேண்டாம்னாரு, அதனால சொல்றேன். இந்த ஊட்டுல உன்கிட்ட மறைக்கறதை நான் இன்னையோட நிறுத்தியாச்சு. குளுருல காதைக் கட்டிக்காமத் திரியாத, சின்னதுலருந்து உனக்குக் காது வலி உண்டு.

அவினாசியப்பன் உங்க ரெண்டு பேரையும் கொறையில்லாம வெக்கட்டும், அதுல எனக்குக் கோவம் இல்லை. பாத்து முடிச்சதும் எனக்குப் போன் பண்ண வேண்டாம், உன் தம்பிக்குப் பண்ணு. பொழுதோட, சாயங்கால ஷிப்ட் மாறுற நேரத்துல கீழ மிஷின்கிட்டத்தான் நிப்பான், சத்தத்துல மணி அடிக்கறது கேக்காது. அவன் எடுக்கற வரைக்கும் அடி.

உன் அம்மா,
தெய்வாத்தாள்