ஆனி மாதத்துக் குளிர்

லாபிஸ், ஜோகூர், மலாயா
12-8-1927

சிரஞ்சீவி பேச்சியம்மாளுக்கு அண்ணன் சபாபதி எழுதுவது.

நீ செய்தது தப்பு. ஆனி மாதத்தில் எழுதிய கடிதத்தில், குளிர் தாங்கவில்லை, அம்மா நடுங்குகிறாள், அவள் கம்பளியை அனுப்புங்கள் என்கிறாய். உலகத்தில் எவனுக்கு ஆனியில் குளிரும்? குளிர் மார்கழியில். அம்மாவை உன்னோடு நேட்டாலுக்குக் கூட்டிப் போனாய். நான் வாய் திறக்கவில்லை. என் பங்குக்கு வந்தது அவள் போர்த்திய கம்பளி ஒன்றுதான். அதையும் பொய் சொல்லி வாங்கப் பார்க்காதே. அனுப்பமாட்டேன்.

சபாபதி

டண்டி, நேட்டால், தென்னாப்பிரிக்கா
2-10-1927

அண்ணனுக்குப் பேச்சியம்மாள் வணக்கம்.

நான் பொய் எழுதவில்லை. இங்கே ஆனி, ஆடிதான் குளிர்காலம். குடத்துத் தண்ணீர் விடிவதற்குள் உறைந்துவிடும். மார்கழியில் வெயில் மண்டையைப் பிளக்கும். பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறதாம். பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். ஆனியில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு வெயில் சரிந்து விழும், பகலும் குறுகும்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. "பெரியவன் கம்பளிய ஏத்திட்டானாடீ?" என்று கேட்டாள். "கப்பல்ல வருதும்மா" என்றேன். சாக்கைப் போர்த்திக்கொண்டு குளிரைக் கழித்தாள். இருமல் இன்னும் நிற்கவில்லை. கப்பலில் வருகிறது என்றேனே, நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பேச்சியம்மாள்

லாபிஸ்
25-11-1927

பேச்சி,

வாத்தியார் சொன்னால் நம்பிவிடுவதா? சூரியன் தள்ளிப் போவதால் குளிர் வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியானால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அல்லவா குளிர வேண்டும்? அதுதான் இடித்தது. ஓர் அன்னாசியில் கம்பியைக் குத்தி, சாய்த்து, கொண்டை எப்போதும் வாசல் பக்கமே சாய்ந்திருக்கப் பிடித்துக்கொண்டு விளக்கைச் சுற்றினேன். பக்கத்து வீட்டு மணியம், "என்ன மாமா, அன்னாசிக்குக் கல்யாணமா? பொண்ணு எங்க?" என்றான். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் நிற்கும்போது கொண்டைப் பாதியில் வெளிச்சம் அதிகம்; எதிர்ப்பக்கம் போனதும் அடிப்பாதியில் அதிகம். நடுவயிற்றில் மட்டும் எங்கே நின்றாலும் ஒரே மாதிரி வெளிச்சம். லாபிஸ் அங்கேதான் இருக்கிறது. பெட்டியில் பூட்டிய கம்பளியை நான் இங்கே ஒரு நாளும் போர்த்தியதில்லை.

சாக்கையா போர்த்தினாள்?

இனி ஆகவேண்டியது. கம்பளியை நானே சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றுவேன். என் போன கடிதத்தை நீ அடுப்பில் போடு. அம்மா கேட்டால் கப்பல் தாமதம் என்றே சொல். அங்கே குளிர் தொடங்குமுன் மாப்பிள்ளை அவள் கட்டிலை அடுப்புப் பக்கம் நகர்த்தட்டும். இருமலுக்கு வைத்தியரையும் அவரே அழைத்து வரட்டும். அடுத்த ஆனிக்குள் கம்பளி வந்துவிடும்; அதைப் போர்த்த அம்மா இருக்க வேண்டும்.

சபாபதி