வால் எலும்பைப் பற்றி நீ கேட்டது

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்டுவிட்டு வழக்கம்போல அடுத்த வரிக்குப் போக இந்தத் தடவை மனம் வரவில்லை, நலம் என்று நீ போனில் சொல்கிற வேகத்தைக் கேட்டால் அதற்குள் ஏதோ ஒளிந்திருக்கிற மாதிரி இருக்கிறது. இங்கே நாங்கள் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் வருவார், ஏதோ முடுக்குவார், போன மறுநாளே திரும்பச் சொட்டும், அடுத்த வேலைக்காக அவரே தளர்த்தி வைத்துவிட்டுப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். உங்க நிழல் பின்னாடி வந்தாக்கூட எதுக்கு வர்றேன்னு கேட்பீங்க என்கிறாள் அம்மா. சொல்லிவிட்டுப் போகட்டும். போனில் நான் ஏதாவது கேட்க வாயெடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைக் கிள்ளுகிறாள், அதனால்தான் காகிதத்தில் எழுதி நீ கேட்ட மெத்தையோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, அப்பா, முதுகுத்தண்டோட கடைசி எலும்புக்கு ஏன் வால் எலும்புன்னு பேர் வந்துச்சு, நமக்கு எப்ப வால் இருந்துச்சு என்று கேட்டாய். சின்ன வயதில் அலமாரி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றவளுக்கு வாலு என்று பேர் வைத்ததே நான்தான், அதனால் உன் வாலைத்தான் தெருவே பார்த்திருக்கே என்று கிண்டல் செய்துவிட்டேன். நீ சிரித்தாய், ஆனால் விடவில்லை, நிஜமா சொல்லுங்கப்பா, அந்தப் பேர் எங்கேருந்து வந்துச்சு என்று மறுபடியும் கேட்டாய். உலகத்தையே உள்ளங்கைப் போனில் தட்டிப் பார்க்கிறவள், குஷன் கடைக்காரனிடம் வந்து எலும்பின் பேருக்கு அர்த்தம் கேட்பாளா? அன்றைக்கே எனக்கு லேசாக உறுத்தியது.

போன மாதம் மெத்தை கேட்டாயே, ஆபீஸ் நாற்காலியில் போட, பின்பக்கம் நடுவில் வெட்டு விட்டு, ஃபிரெண்டுக்கு வேணும்ப்பா என்று, அப்போது உறுத்தல் முள்ளாகிவிட்டது. வால் எலும்பு வலிக்கிறவர்கள்தான் அந்த வெட்டு வைத்துக் கேட்பார்கள், இது என் தொழில். பள்ளம் விழுந்த மெத்தையைப் பார்த்தே அதில் உட்கார்ந்தவர் பின் பாக்கெட்டில் பர்ஸ் வைக்கிறவரா, காலை மடக்கி உட்காருகிறவரா என்று சொல்லிவிடுவேன், என்னிடம் போய்க் கதை விடுகிறாய். வலி உன் தோழிக்கு என்றால் வீடியோவில் நீ ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறாய்? முன்பெல்லாம் சமையலறை, பால்கனி என்று வீடு முழுக்க நடந்துகொண்டே காட்டுவாய், இப்போது கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. படியில் வழுக்கி விழுந்து அடிபட்டிருக்கிறாள், நமக்கு மறைக்கிறாள் என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளைக்குத் தனியாகப் போன் போட்டேன், எல்லாம் நல்லா இருக்கோம் மாமா என்றார், உடனே அங்கே பெய்கிற மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மழையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். உன்னிடம் சொல்வதற்கென்ன, இவர் கோபத்தில் தள்ளிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன், அன்றைக்கு முழுக்க ஊசி துணியில் இறங்கியதைவிட என் விரலில் இறங்கியதுதான் அதிகம். இதை அவரிடம் சொல்லாதே.

அந்தச் சமயம் பார்த்து இங்கே ஓர் எலும்பு டாக்டர் தன் ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருக்கிற நாற்காலிகளுக்கு ரெக்ஸின் மாற்றக் கூப்பிட்டார், முறை வரும்வரை பொழுது போகாமல் எல்லோரும் சுரண்டிச் சுரண்டி ஸ்பாஞ்சை வெளியே எடுத்துவிட்டார்களாம். வேலையோடு வேலையாக அந்த எலும்பைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் படிப்பில் அதற்குக் காக்சிக்ஸ் என்று பேராம், கிரேக்கத்தில் குயில் என்று அர்த்தமாம், பக்கவாட்டில் பார்த்தால் எலும்பு குயிலின் அலகு போல வளைந்திருக்கிறதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, மனிதன் உட்காருகிற இடத்தில் போய்க் குயிலைத் தேடுவானா ஒருவன்? அவர் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் எலும்பைத் திருப்பிக் காட்டி, பறவை படத்தையும் போனில் எடுத்துக் காட்டினார், அரைமனதாக ஒத்துக்கொண்டேன். நம் பேச்சில் இந்தச் சுற்றிவளைப்பெல்லாம் இல்லை, வால் இருந்த இடம், வால் எலும்பு, அவ்வளவுதான். நமக்கும் குரங்குக்கும் பொதுவாக எந்தக் காலத்திலோ இருந்த முன்னோருக்கு வால் இருந்ததாம், நம் வழியில் அது போய், மிச்சம் நாலைந்து துண்டு எலும்பு ஒட்டி உள்ளே மடங்கிக்கொண்டதாம். போனது போகட்டும், மிச்சம் எதற்கு என்றேன். நிமிர்ந்து உட்கார அதுவும் ஒரு முட்டு என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, அவ்வளவு பழைய காலத்துக்கு ஏன் போறீங்க, வயித்துக்குள்ள எல்லாக் குழந்தைக்கும் முதல்ல கொஞ்ச நாள் நிஜமாவே வால் இருக்கும், ரெண்டாவது மாசம் முடியறப்போ அதுவா மறைஞ்சிடும், உங்களுக்கும் இருந்துச்சு எனக்கும் இருந்துச்சு என்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். வாலைப் பத்தி அவ எப்ப கேட்டா என்றாள். சொன்னேன். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். அவ காபியை விட்டு எத்தனை நாளாச்சு, கவனிச்சீங்களா என்றாள். நீ விழுந்து பட்ட அடியையே நான் பிடித்துக்கொண்டு நின்றேன், எந்தப் படி, எந்தக் கால் என்று. நம்ம பொண்ணு விழலைங்க, சுமக்கறா என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நம்பப் பயமாக இருக்கிறது. அம்மா அழுதாள், ஆனால் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை, முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தாளோ என்று அவள் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. போன தடவை தெரிந்த அன்றைக்கே எல்லோருக்கும் சொன்னாய், பிறகு அது தங்காமல் போனபோது போன் செய்த ஒவ்வொருவருக்கும் நீயே பதில் சொன்னாய், என்னிடம்கூட ஒண்ணுமில்லப்பா, பரவாயில்லப்பா என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். அந்த ஒண்ணுமில்லப்பா இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தத் தடவை நீ வாயைத் திறக்காததுதான் சரி.

ஆகவே நான் எதையும் கேட்கப் போவதில்லை, எனக்கு எதுவும் தெரியவும் தெரியாது. மெத்தை உன் தோழிக்குத்தான். அவளிடம் சொல், வெட்டு இருக்கிற பக்கம் பின்னால் வரவேண்டும், நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது, எழுந்து நாலு எட்டு நடக்கவேண்டும், குனிந்து கனமாக எதையும் தூக்கக் கூடாது, அதற்குத்தான் மழையைப் பற்றிப் பேசுகிற மனிதர் ஒருவர் வீட்டில் இருக்கிறாரே. பயமாக இருந்தால் அவள் எந்த நேரத்திலும் உன் அம்மாவுக்குப் போன் செய்யலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை, சும்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தாலும் போதும். அவள் தானாக வாய் திறந்து சொல்லும் நாளில் நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோலத் துள்ளிக் குதிப்பேன், உங்களுக்கு நடிக்கத் தெரியாதுங்க என்று அம்மா இப்போதே சிரிக்கிறாள். உன் தோழி நன்றாக இருக்கட்டும், அவள் நினைப்பது நல்லபடியாகக் கைக்கு வந்து சேரட்டும், அதன் உடம்பில் மறைந்த வால் பிறகு குணத்தில் முளைத்து அவளை அலமாரி அலமாரியாகத் துரத்த வைக்கட்டும். மெத்தை வந்து சேர்ந்ததும் ஒரு வரி போடு. தைத்தது போக நல்ல ஸ்பாஞ்ச் ஒரு முழம் மீதி இருக்கிறது, ரொம்பச் சின்ன மெத்தை ஒன்றுக்குப் போதும், கடையில் இரண்டு பேர் கேட்டும் கொடுக்கவில்லை, மெல்லிசுத் துணியில் சுற்றி மேலே எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எதையும் லேசில் நம்பாத, இதை மட்டும் நம்ப ஆசைப்படுகிற
உன் அப்பா