ஒரு பக்கம் சாய்ந்த ஒயர் கூடை

அக்கா, நம் ஒயர் கூடையின் கைப்பிடி நேற்று அறுந்துவிட்டது. புதிதாகப் பின்னிவிடலாம் என்று மடியில் எடுத்து வைத்தேன். மோர் மிளகாய் வாசம். எத்தனை முறை கழுவினாலும் போகாத உங்கள் வீட்டு வாசம். உப்பு மட்டும் உங்கள் கையில் எப்போதும் கூடுதல்.

ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள் நாம். நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். மதியம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் நமக்கென்று இருந்தது. பச்சையும் வெள்ளையுமாக ஒயர் வாங்கி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அப்போதுதான் இதைப் பின்னினோம். ஒரு கூடையை ஒருத்தர்தான் பின்ன வேண்டும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். நமக்குத்தான் பொறுமை இல்லை. நீங்கள் பல்லைக் கடித்து முடிச்சை இறுக்குவீர்கள், நான் தளர விடுவேன். முடித்து நிமிர்த்தினால் கூடை சாய்ந்து நின்றது. "கெடக்கட்டும் புள்ள, தூக்குனா நேராயிரும்" என்றீர்கள். தூக்கினாலும் நேராகவில்லை. பொழுதுபோகாமல் பின்னுகிறார்கள் என்று வீட்டு ஆண்கள் கேலி செய்தார்கள். அவர்கள் கடைக்கு மதியச் சோறு அதில்தான் போனது.

பிறகு வீட்டுப் பாகத்தில் அண்ணன் தம்பி பேச்சு முற்றி, நீங்கள் வடமதுரைக்குக் குடி போனீர்கள். அண்டா முதல் ஆட்டுக்கல் வரை பங்கு பிரித்தார்கள். இந்தக் கோணல் கூடையை யாரும் கேட்கவில்லை, நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். அடுத்த மாதமே அதில் மோர் மிளகாயை நிரப்பிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் எனக்காக நின்றீர்கள். "வெறுங்கூடையாத் திருப்பிக் குடுத்திராத. நீ நெறச்சு வச்சா, நான் வாங்க வந்துதான ஆகணும்?"

நம் வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளாத அத்தனை வருடமும் கூடை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. இந்த மழைக்காலத்தில் நீங்கள் கண்ணை மூடியபோது அது என்னிடம் இருந்தது. உங்கள் காரியத்தன்றுகூட அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். இனி இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இருக்காது என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் இது என் முறை அல்லவா? அதிரசமும் சிறுமலைப் பழமும் வைத்து வடமதுரைக்கு பஸ் ஏறினேன். அத்தான் கூடையை வாங்கி உள்ளே வைத்தார். வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. கூடையும் போயிற்று என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

நேற்று அவரே வந்து வாசலில் நின்றார். நீங்கள் வைத்த மரத்து முருங்கைக்காயைக் கூடை கொள்ளாமல் திணித்திருந்தார். கனம் தாங்காமல் கைப்பிடி கேட் பக்கத்திலேயே அறுந்து, காயெல்லாம் சிதறியது. உங்கள் கொழுந்தன்தான் முதலில் எழுந்து போய்ப் பொறுக்கினார். அத்தான் தம்பியைப் பார்க்காமல் என்னிடம், "வெறுங்கூடையாக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டேதான் இருப்பா" என்றார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி போடச் சொன்னார்.

பழைய பச்சை கடையில் கிடைக்கவில்லை அக்கா, நீலம்தான். அடுத்து என் முறை. இந்தத் தடவை தானும் வருவதாகச் சொல்கிறார் இவர். கூடை சாய்ந்தே இருக்கட்டும். கைப்பிடியை மட்டும் உங்களைப் போலவே பல்லைக் கடித்து இறுக்கிக்கொண்டிருக்கிறேன்.