எல்லா நாட்டிலும் அவள்

மார்ச் 10
மழை. அம்மாவின் பார்லரில் மூன்று பேருக்குச் சுருள்முடி. தலையில் பிளாஸ்டிக் உறையோடு வரிசையாக உட்கார்ந்து புதுத் தொடர் ஒன்றின் நேற்றைய பகுதியை மறு ஒளிபரப்பில் பார்த்தார்கள். ஒரே வீட்டில் பேசாமல் வாழும் கணவன், மனைவி. இதே கதையை முதலில் ஏதோ பனிநாட்டில் எடுத்தார்கள், பிறகு ஜப்பானில், இப்போது நம் கொரியாவில். முந்தைய இரண்டையும் போனில் பார்த்துவிட்டேன். பள்ளியை விட்ட பிறகு தலை கழுவிவிடுவது, வெட்டிய முடியைப் பெருக்குவது, தொடர் பார்ப்பது — வேறென்ன?

மீன்கடை ஓக்சுன் அக்கா கேட்டாள்: "ஏய் போரா, வாயில்லாப் பூச்சி! உனக்குத்தான் முடிவு தெரியுமே. அவ அந்தாளை விட்டுட்டுப் போறாளா இல்லையா?"

சுருள் குச்சியோடு அம்மாவின் கை அப்படியே நின்றது.

"இருந்துடுறா," என்றேன்.

பொய். இரண்டு நாட்டிலும் அவள் போய்விடுகிறாள். அம்மாவின் கையைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது.

மார்ச் 11
அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்கம்மாகிட்ட சொல்லு, சோறு குழைஞ்சிருக்கு." அம்மா அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள். நான் திரும்பிச் சொன்னேன். சின்ன வயதிலிருந்து இது என் வேலை.

மார்ச் 17
தொடரில் சாப்பாட்டு நேரத்தில் இசையே இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும். டிவியை அணைத்த பிறகும் கேட்கிறது. எங்கள் வீட்டுச் சத்தம் அங்கே எப்படிப் போனது?

மார்ச் 31
இன்று தொடரில் மகளின் பிறந்தநாள். மற்ற நாடுகளில் கேக். இங்கே கடற்பாசி சூப் என்று மாற்றிவிட்டார்கள். கணவன் சூப்பைக் குடித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எழுந்து போகிறான்.

ஓக்சுன் அக்கா கொதித்தாள்: "காலையில அந்த சூப் முன்னாடி வந்தா பிறந்தநாள்னு நாய்க்குக்கூடத் தெரியும்டா, கட்டையில போறவனே!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

ஏப்ரல் 14
கடைசிப் பகுதி. நம் ஊர்க்காரி போகவில்லை. வாசலில் காலணியை மாட்டினாள், கழற்றினாள், உள்ளே திரும்பிவிட்டாள். முடிவையே மாற்றிவிட்டார்கள். என் பொய் போய் உண்மையாகிவிட்டது. நானே அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது.

கடை சாத்தும்போது, துண்டுகளை மடித்தபடி அம்மா கேட்டாள்: "அப்போ எந்த நாட்டிலயும் அவளால போக முடியல, இல்ல?"

அழவில்லை. ஆனா அந்தக் குரல்... ஐயோ, கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி.

"இல்லம்மா. நான் பொய் சொன்னேன். மத்த ரெண்டு நாட்டிலயும் அவ போயிட்டா."

"ஜப்பான்காரியுமா?"

"அவளுந்தான்."

எல்லாத் துண்டுகளையும் மடித்து முடித்தாள். "அவ பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"அழுதுச்சு. அப்புறம் ஒருநாள் பஸ் பிடிச்சு அம்மா இருக்கிற ஊருக்குப் போச்சு."

இது பொய்யில்லை. ஜப்பான் தொடரில் அப்படித்தான்.

ஏப்ரல் 19
அம்மா இன்று என் தலையைக் கழுவிவிட்டாள். நுரை போன பிறகும் விடவில்லை.

ஏப்ரல் 21
எழுந்தபோது மேசையில் கடற்பாசி சூப். இரண்டு கிண்ணம். வாசலில் அம்மாவின் காலணி இல்லை.

என் பிறந்தநாள் ஜூனில்.

அப்பா வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். "இன்னிக்கா உன் பிறந்தநாள்?"

"ஆமாப்பா."

"உங்கம்மா எங்க?"

"கடையைச் சீக்கிரம் திறக்கணும்னு போயிட்டாங்க."

அவர் தலையாட்டிவிட்டுக் கரண்டியை எடுத்தார். அம்மாவின் பேருந்து ஊரைத் தாண்டட்டும் என்று, நான் மெதுவாகக் குடித்தேன்.